கேமராக் கண்ணாடி

சட்டகத்திலேயே கேமராவும் ஒலிவாங்கியும் பொருத்தப்பட்ட மூக்குக்கண்ணாடி. ஸ்மார்ட் கண்ணாடி என்றும் சொல்வர். கைப்பேசியில் படமெடுப்பவர் கையைத் தூக்கியாக வேண்டும்; எதிரே இருப்பவர் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லலாம். இக்கண்ணாடி அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. சிக்கலின் வேர் இதுதான்.

கூகுள் கிளாஸ் 2013இல் 1,500 டாலர் விலையில் அமெரிக்காவில் சிலருக்கு மட்டும் விற்கப்பட்டபோதே எதிர்ப்பு கிளம்பியது. சியாட்டிலில் ஒரு மதுக்கூடம் அதைக் கடைக்குள் அணியத் தடை விதித்தது. முகமறியும் செயலிகளை அனுமதிப்பதில்லை என்று கூகுளே அறிவிக்க நேர்ந்தது. 2015 ஜனவரியில் அந்த விற்பனை நின்றது.

2021 செப்டம்பரில் பேஸ்புக்கும் ரேபானும் சேர்ந்து வெளியிட்டது பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடிதான். பதிவு நடக்கும்போது சட்டக ஓரத்தில் சிறு வெள்ளை விளக்கு எரியும். அது போதுமா என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் அந்த மாதமே கேள்வி எழுப்பின. 2023இல் அதன் அடுத்த பதிப்பாக வந்த ரேபான் மெட்டாவில் விளக்கு பெரிதானது. அதை மறைத்தால், மறைப்பை நீக்கச் சொல்லிக் கண்ணாடி எச்சரிக்கும். ஆனாலும் பட்டப்பகல் வெயிலில், தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது எளிதில் படாது. பட்டாலும், அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர் ரேபான் மெட்டா கண்ணாடியின் காட்சியை முகத்தேடல் சேவையோடு இணைத்து, வழியில் கண்ட அந்நியர்களின் பெயர், முகவரி முதலியவற்றை அறிய முடியும் என்று செய்துகாட்டினர். அந்த நிரலை அவர்கள் வெளியிடவில்லை; தேடல் தளங்களிலிருந்து சொந்த விவரங்களை நீக்கும் வழிகளையே வெளியிட்டனர்.