உடனொளிர் மூலக்கூற்று உணரிகள்

ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் உடனே உமிழும் மூலக்கூறுகள் சில, தம்மைச் சூழ்ந்த திரவத்தின் பாகுநிலையையும் தாழ்த்தேற்ற நிலையையும் அந்த ஒளியாலேயே காட்டிக்கொடுக்கின்றன.

இவ்வுணரிகளின் வரலாற்றில் முதற்பொருள் இலங்கையின் வன்னிக்குப் புதியதன்று. மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன அந்நிலத்தில் முந்தைய தலைமுறை முகஞ்சுளித்து விழுங்கிய கசப்பு மருந்தான கொயினாதான் அது. சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கொயினாவின் கரைசல் நீலமாக மினுங்குவதை ஜோன் ஹேர்ஷல் 1845இல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரே அந்த நீலமாக மாறுகிறது என்று 1852இல் காட்டியவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ், கொயினா கலந்த டொனிக் தண்ணீரை ஒரு கிளாசில் வைத்துப் பார்த்தால் அதே நீலம் இன்றும் தெரியும். கொயினாக் கரைசலில் குளோரைட்டு சேர்ந்தால் ஒளி மங்குவதையும் ஸ்டோக்ஸ் பின்னர் கண்டார். ஒளி அணைவதும் ஒரு செய்திதான். உணரி என்ற எண்ணத்தின் வித்து இங்கேயே இருக்கிறது.

பாகுநிலையை ஒளியால் அறிய வழி திறந்தவர் பிரான்சிஸ் பெரன். தடித்த திரவத்தில் மூலக்கூறு மெல்லச் சுழல்வதால், உமிழும் ஒளியின் முனைவாக்கம் அதிகம் கலைவதில்லை என்று 1926இல் அவர் விளக்கினார். அடுத்து வந்தவை சுழலி மூலக்கூறுகள். வாங்கிய சக்தியைத் தம் கை ஒன்றை முறுக்கியே இவை செலவழித்துவிடும். நீர்த்த திரவத்தில் அதனால் ஒளி மங்கல். பாகு தடித்தால் கை இறுகிவிடும், மிஞ்சிய சக்தி ஒளியாகும். வயற்சேற்றில் சில்லு இறுகியதும் உழவு இயந்திரம் உறுமுவதை நினைத்துக்கொள்ளலாம். ஒளிவிளைவுக்கும் பாகுநிலைக்கும் உள்ள கணக்கை 1971இல் பேர்ஸ்டரும் ஹொஃப்மனும் தந்தனர். 2008இல் மரீனா குயிமோவாவின் குழு, உயிருள்ள கலத்துக்குள்ளேயே ஒளிர்வின் ஆயுளை அளந்து பாகுநிலையைப் படமாக்கியது. சாயம் எவ்வளவு சேர்ந்தது என்ற தொல்லை இம்முறையில் இல்லை.

தாழ்த்தேற்றத்தின் கதை பால் பரிசோதனையில் தொடங்குகிறது. 1929 முதல் பாலில் சோதிக்கப்பட்ட ரெசசூரின் ஒரு நீலச்சாயம். பற்றீரியா பெருகிய பாலில் அது தாழ்த்தப்பட்டு, இளஞ்சிவப்பாகி, நன்கு ஒளிரும். ஆனால் ஒரே திசையில் மாறும் சாயத்துக்குக் கலத்தின் ஏற்ற இறக்கம் பிடிபடாது. ஒட்சியேற்றம், தாழ்த்தல் இரண்டுக்கும் மாறிமாறி இசையும் பச்சைஒளிர் புரதத்தின் திருத்திய வடிவம் ஒன்று 2004இல் வந்தது.

இத்துறையில் இலங்கையரின் பங்கும் பெரிது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. பிரசன்ன டி சில்வா, இலத்திரன் இடமாற்றத்தால் அணைந்து, அயன் பிணைந்ததும் ஒளிரும் உணரிகளை உருவாக்கினார். இருவேறு அயன்கள் ஒருங்கே சேர்ந்தால் மட்டுமே நன்கு ஒளிரும் மூலக்கூற்றுத் தர்க்கக் கதவை 1993இல் அவர் குழு வெளியிட்டது.

மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை 2016இல் சான்று பெற்றது. ஆய்வுகூடங்களிலோ, மற்றச் சாயங்களின் ஒளிவிளைவை ஒப்பிட்டு அளக்கும் நியமங்களில் ஒன்றாகக் கொயினா சல்பேற்று இன்றும் இருக்கிறது.