ஹாட்ஜுக்கு வாங்கிய சிப்பி

1755இல் ஆங்கில அகராதியைத் தந்த சாமுவேல் ஜான்சன் வீட்டில் ஹாட்ஜ் என்றொரு பூனை இருந்தது. அது முதுமையும் நோயும் கண்டு, சிப்பி தவிர வேறெதையும் உண்ண இயலாமற் போனபோது, ஜான்சன் தாமே கடைக்குச் சென்று வாங்கி வந்தார். சிப்பி அந்நாளைய லண்டனில் ஏழைகளும் வாங்கிய மலிவான உணவு. ஏவினால் செல்வதற்குப் பணியாளும் இருந்தார். பின் அவரே நடந்தது ஏன்?

ஒரு விலங்குக்காக ஏவப்படுவதால் பணியாள் பிரான்சிஸ் பார்பரின் மனம் புண்படக்கூடாது என்பதே காரணம் என்கிறார் ஹெஸ்டர் பியோட்ஸி (1786). அலைச்சலால் பணியாளர்கள் பூனையை வெறுத்துவிடுவர் என்று ஜான்சன் அஞ்சியதாகச் சொல்கிறார் பாஸ்வெல் (1791).

நாம் பியோட்ஸியின் பக்கமே சாய்கிறோம். பார்பர் ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1784இல் மறைந்த ஜான்சன், தம் உடைமையில் பெரும்பகுதியை அவருக்கே விட்டுச் சென்றார். நோயுற்ற உயிரைப் பேணும் சுமையை, மறுத்துச் சொல்ல இயலாதவர் தோளில் ஏற்றாதிருப்பதும் பரிவுதானே?

லண்டன் கஃப் சதுக்கத்தில் 1997இல் ஹாட்ஜுக்குச் சிலை வைத்தார்கள். அகராதியின்மேல் அமர்ந்திருக்கும் அதனருகே வெற்றுச் சிப்பிகள் கிடக்கின்றன.