உழுதுகொண்டே இருக்கும் பத்திரிகை

வீட்டுக்கு வரும் கம்பெனிப் பத்திரிகைகளை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? வழவழ தாள். முதல் பக்கத்தில் நிர்வாக இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றுவார். அடுத்த பக்கத்தில் ரிப்பன் வெட்டுவார். கடைசிப் பக்கத்தில் கேக். மூன்றாம் நாள் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். என் வீட்டில் இரண்டாம் நாளே.

ஆனால், 1895ல் ஆரம்பித்த ஒரு கம்பெனிப் பத்திரிகை இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. நடத்துவது ஒரு கலப்பைக் கம்பெனி.

ஜான் டீர், கொல்லர். வெர்மான்ட்டிலிருந்து பிழைப்பு தேடி 1836ல் இல்லினாய்ஸ் பக்கம் வந்தவர். அங்கே புல்வெளி மண் அபாரமான மண். என்ன கஷ்டம் என்றால், பிசின் மாதிரி ஒட்டும். கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையை ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே மண் அப்பிக்கொள்ளும். நிறுத்து, சுரண்டு, மறுபடி ஓட்டு. ஒரு நாளில் எவ்வளவு உழ முடியும்? 1837ல் டீர் உடைந்துபோன எஃகு ரம்பம் ஒன்றை எடுத்து, வளைத்து, பளபளவென்று தேய்த்து ஒரு கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதிலிருந்து பிறந்ததுதான் கம்பெனி.

1886ல் அவர் காலமானார். பொறுப்பு அதற்கு வெகு காலம் முன்பே மகன் சார்லஸ் டீர் கைக்கு வந்துவிட்டது. மகனுக்கு வந்த சிக்கல் வேறு ரகம். எஃகுக் கலப்பை செய்ய ஊரில் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தவிர, நல்ல கலப்பை பல வருஷம் உழைக்கும். வாங்கிய விவசாயி மறுபடி கடைப்பக்கம் எப்போது வருவார்? அதுவரை நம் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்குமா?

விவசாயிகள் கோபத்தில் வேறு இருந்தார்கள். 1870களிலேயே 'கிரேஞ்ச்' என்ற அவர்களது சங்கம், 'நடுவில் இருப்பவனுக்கு எதற்குக் கமிஷன்? தொழிற்சாலை விலைக்கே கொடு' என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. 1893ல் பொருளாதாரம் கவிழ்ந்தது. ஒரு புஷல் கோதுமை (சுமார் 27 கிலோ) 50 சென்ட் அளவுக்கு இறங்கியது. விற்ற காசு வட்டிக்கே போதாது. அந்த ஆளிடம் போய் 'கலப்பை வாங்குங்க சார்' என்றால் கலப்பையாலேயே அடிப்பார்.

இந்த நேரத்தில்தான் 'தி ஃபர்ரோ' வந்தது. உழவுசால் என்று அர்த்தம். அமெரிக்க விவசாயிக்கான பத்திரிகை என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. ஆரம்பத்தில் பஞ்சாங்கம் மாதிரிதான். பாதி விவசாயக் குறிப்பு, பாதி விளம்பரம். போகப் போக விளம்பர வாடை குறைந்து, விவசாயச் செய்தி முன்னால் வந்தது. மண், விதை, மாடு, இன்னொரு ஊர் விவசாயியின் அனுபவம். பிற்காலத்துக் கட்டுரைகளில் கம்பெனி பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இலவசம். கொண்டுபோய்ச் சேர்த்தது உள்ளூர் டீலர்கள். கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அமெரிக்காவில் 1896ல்தான் பரிசோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன் கடிதம் வேண்டுமென்றால் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட தனிமையில், சும்மா கிடைக்கும் நாலு பக்கத்தை யார் வேண்டாம் என்பார்கள்? 1912ல் பத்திரிகையின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியது என்பார்கள். 1910 சென்ஸஸ்படி அந்த நாட்டில் மொத்தமே சுமார் 64 லட்சம் பண்ணைகள்தான்!

நான் பி.காம். படித்தபோது விளம்பரம் என்றால் லாப-நஷ்டக் கணக்கில் பற்றுப் பக்கம் எழுது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். செலவு, முடிந்தது கதை. 1900ல் பிரான்ஸின் மிஷெலின் டயர்காரர்கள் வண்டியோட்டிகளுக்கு இலவசமாக ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தார்கள். அதுவும் பற்றுப் பக்கம்தான். ஆனால் 'தி ஃபர்ரோ'வால் வந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எங்கள் வாத்தியாரிடம் கேட்டிருந்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பார்.

1918ல் ஒரு டிராக்டர் கம்பெனியை வாங்கி, கலப்பைக்காரர்கள் டிராக்டர்காரர்களும் ஆனார்கள். பத்திரிகையும் கூடவே வளர்ந்து, ஒரு டஜனுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போனது.

நிற்க. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இதே ஜான் டீர் மீது வழக்குப் போட்டது. டிராக்டரில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழுதானால் அதை முழுதாகச் சரிபார்க்கும் மென்பொருளைக் கம்பெனி தன் டீலர்களுக்கு மட்டும்தான் தருகிறது, விவசாயி தன் வண்டியைத் தானே ரிப்பேர் செய்துகொள்ள முடியவில்லை என்பது புகார். கம்பெனி மறுத்தது.

உடைந்த ரம்பத்தைத் தன் பட்டறையில் தானே தட்டிக் கலப்பையாக்கிய ஒருவர் ஆரம்பித்த கம்பெனி இது. வழக்கின் நடுவில் நிற்பவர்களோ, அன்றைக்கு அந்த இலவசப் பத்திரிகையை விவசாயியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்த அதே டீலர்கள்.