எவரெஸ்ட்டில் இருந்து நெய்யூருக்கு

எங்க ஊர் தொண்டாமுத்தூரில் இருந்து பார்த்தாலே மேற்கே மலை தெரியும். மாசி, பங்குனி ஆனால் வெளியூர்க் கூட்டமெல்லாம் இந்த வழியாகத்தான் பூண்டிக்குப் போகும், கையில் மூங்கில் தடியோடு. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவர்களுக்கு ஒன்று தெரியும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். முழங்கால் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும்.

இந்தப் பதிவு அப்படி மலையிறங்கி வந்த ஒருவரைப் பற்றியது. ஏறினது எவரெஸ்ட். இறங்கி வந்து சேர்ந்தது நெய்யூர்.

நான் தேடிப் போனது இவரை இல்லை. 1830-ல் கோவைக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் அடிஸ் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அதே லண்டன் மிஷன் தெற்கே திருவிதாங்கூரில் என்ன செய்தது என்று பார்க்கப் போய், டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் பெயரில் மாட்டிக்கொண்டேன். ஒரு மாதமாக அடிஸ் அப்படியே கிடக்கிறார்.

சோமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாகப் பெரிய ஷூ கம்பெனி. படித்தது கேம்பிரிட்ஜ், பிறகு லண்டனில் மருத்துவம். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் 57,000 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். அவர் இருந்த முகாமில் காயம்பட்டவர்களை வயல்வெளியில் வரிசை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அறுவை செய்ய இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய கைகள். யாரை முதலில் எடுப்பது, யாரை விட்டுவிடுவது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னை முதலில் பாருங்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். போர் என்றாலே அவருக்கு ஆகாமல் போனது அங்கேதான்.

1922-ல் எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. ஜூன் 7-ம் தேதி மேலே போய்க்கொண்டிருந்தபோது பனிச்சரிவு. முன்னால் போன மல்லோரி, சோமர்வெல் எல்லோரும் தப்பித்தார்கள். பின்னால் வந்த சுமை தூக்கிகள் ஏழு பேர் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூட அந்தச் சாவில் பங்கெடுக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியை அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

அந்த மனநிலையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தெற்குக் கோடியில் நெய்யூர் வந்தார். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த பகுதி. தோள்சீலைக்காகப் போராட வேண்டியிருந்த மண். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பியூ என்ற ஒரே ஒரு சர்ஜன், ஓய்ந்துபோன நிலையில். வெளியே முடியாத வரிசை.

மறுபடியும் அதே காட்சி. வரிசை நீளம், கை குறைவு. இங்கே ஒரே வித்தியாசம், போர் எதுவும் நடக்கவில்லை. தினமும் இப்படித்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் காத்திருந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924-ல் இங்கிருந்தே மறுபடி எவரெஸ்ட் போனார். ஜூன் 4-ம் தேதி ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி. அதற்கு மேல் தொண்டை ஒத்துழைக்கவில்லை. இறங்கும்போது தொண்டைக்குள் சதை பிய்ந்து மூச்சை அடைத்தது. மருத்துவர் இல்லையா, தன் நெஞ்சைத் தானே அழுத்தி அதை வெளியே தள்ளி உயிர் பிழைத்தார். உச்சிக்குக் கிளம்பிய மல்லோரிக்குத் தன் கேமராவைக் கொடுத்தனுப்பினார். மல்லோரி திரும்பவில்லை. 1999-ல் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. எவரெஸ்ட் ஆர்வலர்கள் அந்தக் கேமராவைப் பற்றித்தான் எழுதித் தள்ளுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் நெய்யூரில் இருந்த இருபது வருடத்தைப் பற்றி ஒரு வரிதான்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏங்கண்ணு, அத்தன பெரிய டாக்டரு ஊருக்குத் திரும்பிப் போயிட்டாருன்னா, இங்க எல்லாம் நின்னு போயிருமா?"

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் இதற்கு 'பஸ் ஃபேக்டர்' என்று பெயர். எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் புராஜெக்ட் நின்றுபோகும் என்ற கணக்கு. ஒருத்தர் போனாலே நிற்கும் என்றால் அந்த எண் ஒன்று.

நெய்யூரின் பழைய வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1838-ல் டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில வருடத்தில் விலகிவிட்டார். பணி நின்றது. 1852-ல் டாக்டர் லீச் வந்தார், 1854-ல் கடலில் மூழ்கி இறந்தார். மறுபடி இடைவெளி. 1861-ல் வந்த டாக்டர் ஜான் லோ தான் வேறு மாதிரி யோசித்தார். உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அவர்கள் கிளை மருந்தகங்களுக்குப் போனார்கள். அதன் பிறகுதான், வருகிற வெள்ளைக்காரர் யார் என்பதை மட்டும் நம்பியிருக்கும் நிலை மெல்ல மாற ஆரம்பித்தது. சோமர்வெல் காலத்தில் கிளைகளோடு சேர்ந்து அது உலகின் மிகப் பெரிய மருத்துவ மிஷன்களில் ஒன்று.

மதத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுத முடியாது. லோ உருவாக்கிய பையன்கள் மருத்துவம் மட்டும் செய்யவில்லை, பிரசங்கமும் செய்தார்கள். சோமர்வெல்லும் தான் வந்தது கிறிஸ்துவுக்காக என்பதை ஒளித்ததில்லை. வயிற்றுவலியோடு வந்தவனுக்கு வார்டில் ஜெபமும் கேட்க வேண்டியிருந்தது. அது சரியா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வயிற்றுவலிக்காரன் போக அன்றைக்கு வேறு எத்தனை வாசல் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்த ஏழைகளைப் பாடாய்ப் படுத்திய குடற்புண்ணுக்கு அவர் வருடக்கணக்கில் அறுவை செய்தார். அந்த அனுபவத்தில் 1948-ல் இரைப்பை, குடல் அறுவை பற்றி மருத்துவர்களுக்கான நூலே எழுதினார்.

நெய்யூரில் ஏறத்தாழ 22 வருடம். அதன்பின் 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து 1961 வரை இருந்தார். அறுவை செய்ததோடு இந்திய மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். எனக்கு எவரெஸ்ட்டைவிட இது பெரிதாகப் படுகிறது. அப்பா கேட்ட கேள்விக்கு இதுதானே பதில். 1975-ல் இங்கிலாந்தில் காலமானார். நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது, நம்ம ஆட்கள் நடத்துகிறார்கள்.

கடைசியாக என் கதை. சில வருடம் முன்னால் ஒரு சிறு தர்ம மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் சனி, ஞாயிறு முழுக்க அங்கேதான். எல்லோரும் பாராட்டினார்கள், போட்டோகூட எடுத்தோம். அப்புறம் ஆபீசில் வேலை கூடியது, போவது நின்றது. போன வருடம் எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் மேல் துணி மூடியிருக்கிறது, பழையபடி நோட்டுப் புத்தகம். கோபப்பட்டேன். யோசித்தால் தப்பு என்னுடையது. அங்கே ஒருத்தருக்கும் நான் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. நான்தான் அந்த ராம்சே.

அடுத்த மாதம் மறுபடி போகலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை நான் கீபோர்டைத் தொடப்போவதில்லை. பதிவு மேசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் தொடட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அடிஸ் பதிவு அதற்குப் பிறகு வரும்ங்க.