மண் மாசு ஆய்வுக்கான மாதிரி எடுப்புத் திட்டம்

ஒரு மனையிலோ பழைய ஆலை நிலத்திலோ நச்சுப் பொருள் கலந்திருக்கிறதா என்று அறிய, எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தனை மாதிரிகள் எடுப்பது, அவற்றில் எதைச் சோதிப்பது என்பதை மண்வெட்டி படுமுன்பே வகுத்துக்கொள்வது மாதிரி எடுப்புத் திட்டம். ஆய்வகத்துக்குப் போவது சில நூறு கிராம் மண். அதிலும் சோதனைக்கு உள்ளாவது பெரும்பாலும் ஓரிரு கிராமே. ஏக்கர் கணக்கான நிலத்துக்கு அந்தச் சிட்டிகை மண்தான் சாட்சி. ஆகவே பிழையின் பெரும்பகுதி நேர்வது களத்தில்தான்.

உழவர்கள் அறிந்த மண் பரிசோதனை வேறு. உரப் பரிந்துரைக்காக வயலின் பல இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டிச் சேர்த்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவார்கள். வயலின் சராசரிச் சத்தை அறிய அது போதும். மாசு ஆய்வில் சராசரி ஏமாற்றும். அனுமதி அளவு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் எனக் கொண்டால், நான்கு இடங்களில் 10, ஓர் இடத்தில் 400 உள்ள மண்ணைக் கலக்கும்போது கிடைப்பது 88. குழந்தை விளையாடும் மூலையாகவே இருக்கக்கூடிய அந்த ஐந்தாவது இடம், கலவையில் காணாமல் போய்விடும்.

இத்துறை வளர்ந்தது விபரீதங்களின் பின்னால்தான். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், ஏறத்தாழ 20,000 டன் வேதிக் கழிவு கொட்டி மூடப்பட்ட லவ் கேனல் நிலம், 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்கப்பட்டது. கழிவு புதைந்திருப்பது கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஆயினும் அங்கே பள்ளி எழும்பியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980இல் நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் ஊரிலும், கழிவுப் பீப்பாய்கள் புதைந்த மண்மேல் கட்டிய குடியிருப்பு காலிசெய்யப்பட்டது. அதனால்தான் திட்டத்தின் முதற்படி தோண்டுவதல்ல, விசாரிப்பது. மூலப் பத்திரம், பழைய வரைபடம், வான்வழிப் படம், பழைய தொழிலாளரின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து சாயக் கழிவு எங்கே ஓடியது, எரிபொருள் தொட்டி எங்கே புதைந்தது, பள்ளத்தை நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்று தேடுவர். சோதிக்க வேண்டிய பொருள்களையும் இதுவே காட்டும்: தோல் ஆலை என்றால் குரோமியம், பெட்ரோல் பங்க் என்றால் பென்சீன், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரடி என்றால் ஈயம்.

துப்புக் கிடைத்த இடங்களில் குறிவைத்தும், துப்பில்லாத பரப்பில் கட்டக்கோடு போட்டும் மாதிரி எடுப்பது வழக்கம். இக்கோடுகளின் கணிதம் சுவையானது. சதுரக் கட்டங்களின் முனைகளில் மாதிரி எடுத்தால், கட்டப் பக்கத்தின் 0.59 மடங்கு ஆரமுள்ள வட்டமான மாசுத் திட்டு 95 விழுக்காடு உறுதியுடன் சிக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1995இல் ஒரு ஹெக்டேருக்கு 21 புள்ளிகள் என்று வகுத்தது இக்கணக்கில்தான். கட்டப் பக்கம் சுமார் 22 மீட்டர், சிக்கும் திட்டின் விட்டம் சுமார் 26 மீட்டர். அதே கட்டத்தில் 4 மீட்டர் அகலத் தொட்டிக் கசிவு அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 21 புள்ளிகளிலும் ஒன்றுமில்லை என்ற அறிக்கையை நிலம் சுத்தம் என்று படிப்பது தவறு. சதுரத்தைவிட முக்கோண அமைப்பு சற்றுச் சிக்கனமானது. கோட்டுக்கு இணையாகப் போகும் சாக்கடை சதுரக் கட்டங்களுக்கு நடுவே நழுவிவிடும் என்பதால், வரிசைகளை மாற்றி நகர்த்தும் மீன்முள் அமைப்பை 1992இல் பிரிட்டனில் ஃபெர்குசன் என்ற ஆய்வாளர் பரிந்துரைத்தார்.

இந்தக் கணக்குகளுக்குச் சுரங்கத்தோடு நெருங்கிய உறவு உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்க வயல்களில் டேனியல் கிரிக் 1951இல் தொடங்கிவைத்த மதிப்பீட்டு முறையே, இன்று மாதிரிப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட மாசளவைக் கணிக்க உதவும் ‘கிரிகிங்’. தாதுக்களோடு உழைத்த பிரெஞ்சுப் பொறியாளர் பியர் ழீ, துகளின் விட்டம் இருமடங்கானால் மாதிரியின் எடை எட்டு மடங்காக வேண்டும் என்று காட்டினார்; கல்லும் கட்டியுமான மண்ணில் சிறு கரண்டி மாதிரி செல்லாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆழமும் மாசின் தன்மையைப் பொறுத்தது. புகையாய்ப் படிந்த ஈயத்துக்கு மேல்மண் போதும். தொட்டிக் கசிவுக்குத் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே போக வேண்டும். ஆவியாகும் பொருள்கள் உள்ள மண்ணைச் சலிக்கவோ கலக்கவோ கூடாது. காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புவர். இருபதுக்கு ஒன்றாவது இரட்டை மாதிரி எடுப்பதும், குழிக்குக் குழி கருவியைக் கழுவுவதும் நெறி. பக்கத்தில் தீண்டப்படாத மண்ணிலும் ஒப்பீட்டு மாதிரி வேண்டும். ஏனெனில் உலோகங்கள் இயற்கையிலேயே ஓரளவு மண்ணில் உண்டு.

தமிழ்நாட்டில் இதன் தேவையை உணர்த்தியவை ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த குரோமியக் கழிவும், 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசமும். கொடைக்கானலில் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று வைக்கப்பட்ட தூய்மை அளவு, சோலைக்காட்டின் விளிம்பில் உள்ள மண்ணுக்குத் தளர்வானதே. மாசடைந்த தளங்களுக்கென இந்திய அரசு 2025இல் தனி விதிகள் வெளியிட்டது. ஆயினும் பத்திரப் பதிவுக்கோ பட்டா மாற்றத்துக்கோ மண் சோதனை அறிக்கை கேட்கும் வழக்கம் இல்லை. வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், பாதரசம் தெரியாது.