நாற்காலி விற்றவர்கள் திறந்த பள்ளி

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஏ.சி., லிப்ட், ஜெனரேட்டர், வாடகை ஒப்பந்தம், மேசைகளின் இட ஒதுக்கீடு. இவை அனைத்துக்கும் பதில் சொல்லவேண்டிய ஒரே ஆளுக்கு இன்று ‘ஃபெசிலிட்டி மேனேஜர்’ என்று பெயர். அந்த வேலைக்குப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. இந்தப் படிப்பு ஒரு பொறியியல் கல்லூரியில் தோன்றியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டதோ அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஒரு மேசை நாற்காலி கம்பெனி.

கம்பெனியின் பெயர் ஹெர்மன் மில்லர். 1960இல் ஆன் ஆர்பர் நகரத்தில் அது ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கி, ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் சிற்பி, ஓவியம் கற்பித்தவர் என்பதைவிட ஓயாமல் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தவர் என்பது பொருத்தம். மரச்சாமான் தொழிலில் முன் அனுபவம் இல்லை. மனிதர்கள் அலுவலகத்தில் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார். அதன் விளைவாக 1964இல் ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ என்ற வரிசை வந்தது. பார்க்க அழகு, விலையோ அதிகம், சரியாகப் போகவில்லை. 1968இல் வந்த இரண்டாவது வடிவம் சக்கைப்போடு போட்டது. செங்கல் சுவருக்குப் பதிலாகக் கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகள், அவற்றிலேயே தொங்கும் மேசைப் பலகைகள், அலமாரிகள். இன்றைய ‘க்யூபிக்கிள்’களுக்கெல்லாம் மூதாதை இதுதான். அலுவலகம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கட்டடத்தின் உள்ளமைப்பும் மாறத் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்று அதே ஆண்டு ஒரு புத்தகமும் எழுதினார் ப்ராப்ஸ்ட்.

தடுப்பு நகர்வது சுலபம். அதைச் சுற்றியிருந்தவை எதுவும் நகரத் தயாராக இல்லை என்பதுதான் சிக்கல்.

பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் இருபது பேரை உட்காரவைத்தால் அங்கே உண்டாகும் சூடும் கூடுகிறது. மேலே குளிர்காற்று வரும் வாயோ பத்துப் பேர் கணக்குக்கு வைத்தது. அறை வெப்பத்தை அளக்கும் தெர்மோஸ்டாட் இப்போது யாரோ ஒருவரின் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. அது ‘போதுமான குளிர்’ என்று சொல்லும்போது நான்கு மேசை தள்ளி ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பார். மின் பிளக்குகள் பழைய சுவரோரம், மேசைகள் நடுக்கூடத்தில். தொலைபேசி நிறுவனத்தின் ஆள் வந்து இழுத்தாலொழிய போன் நகராது; அந்தக் காலத்து அமெரிக்காவில் கருவிகூடப் பெரும்பாலும் பெல் நிறுவனத்தின் சொத்துதான். தீ விபத்தில் ஓடி வெளியேற விட்டிருந்த பாதை, புதிய தடுப்பு வரிசையில் அடைபட்டுப் போகும். போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர் திரைகள் மேசைக்கு மேசை வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் அனல்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? நாற்காலி வாங்குவது கொள்முதல் பிரிவு. ஏ.சி. பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. ஆட்களை எங்கே உட்காரவைப்பது என்பது மேலாளர்களின் பேரம். வாடகை, கணக்குப் பிரிவில். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அடித்தளத்தில் பாய்லரோடு மல்லுக்கட்டியவருக்குக் கட்டடத்தின் நாடித்துடிப்பு தெரியும், ஆனால் மேல்மாடிக் கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கட்டடம் நடத்துவோருக்குச் சங்கமே இல்லாமல் இருந்தது என்றில்லை. வானளாவிகளின் உரிமையாளர்களும் மேலாளர்களும் 1907இலேயே சிகாகோவில் கூடிவிட்டார்கள். கல்லூரி வளாகங்களைக் கவனித்தவர்கள் 1914இல். ஆனால் அவர்களுடைய கவலைகள் வேறு. வாடகைக்கு விடுபவரின் கணக்கு ஒன்று, அந்த இடத்தில் தன் ஆட்களை உட்காரவைத்து வேலை வாங்குபவரின் கணக்கு இன்னொன்று.

1973இன் எண்ணெய் நெருக்கடி இந்த அலட்சியத்துக்கு ஒரு விலை வைத்தது. ஜன்னல் திறக்கமுடியாத கண்ணாடிக் கட்டடங்களின் மின்கட்டணம் மேல்மாடிக்காரர்களின் கண்ணில் பட ஆரம்பித்தது. 1976இல் பிலடெல்பியாவின் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் மர்மமான நிமோனியாவால் இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியா மறு ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஏ.சி.க்கான கூலிங் டவரின் வெதுவெதுப்பான தண்ணீரில் அது செழித்து வளரும் என்பதும் பின்னர் தெளிவானது. ஏ.சி. பராமரிப்பு என்பது சௌகரியத்தோடு நின்றுவிடும் விஷயமல்ல என்பதற்கு இதைவிடக் கொடூரமான நிரூபணம் வேண்டியதில்லை.

1978 டிசம்பரில் ஹெர்மன் மில்லரின் ஆராய்ச்சிப் பிரிவு ஆன் ஆர்பரில் ஒரு மாநாடு கூட்டியது. இடவசதிக்கும் உற்பத்தித்திறனுக்கும் என்ன தொடர்பு என்பது பேசுபொருள். வந்தவர்களில் மூன்று பேரைக் குறிப்பிடவேண்டும்: டெக்சஸ் ஈஸ்டர்ன் என்ற எரிவாயுக் குழாய் நிறுவனத்தின் ஜார்ஜ் கிரேவ்ஸ், டெட்ராய்ட் வங்கி ஒன்றின் சார்ல்ஸ் ஹிட்ச், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங். ஒரே தலைவலியோடு தனித்தனியாக அல்லாடுகிற நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று இவர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஹெர்மன் மில்லர் அதே ஊரில் ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியது. ஆராய்ச்சியும் பயிற்சியும் அதன் வேலை.

சொந்த லாபம் இல்லாமல் ஒரு கம்பெனி பள்ளி திறக்குமா? இடத்தை மாற்றி மாற்றி அமைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வாடிக்கையாளரிடம் இருந்தால்தான் நகரும் தடுப்புகளுக்கு மதிப்பு. சரக்கை விற்றவர்கள் அதை ஆளத் தெரிந்தவரையும் உருவாக்க வேண்டியதாயிற்று. அதனால் பாடம் தரமிழந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

1980 மே மாதம் கிரேவ்ஸ் தன் ஊரான ஹூஸ்டனில் கூட்டம் போட்டார். ஃபெசிலிட்டி மேனேஜர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. அக்டோபரில் நடந்த முதல் ஆண்டு மாநாட்டுக்கு ஐம்பது பேர்கூட வரவில்லை. கனடாக்காரர்களும் சேர்ந்ததும், 1982இல் பெயரில் ‘தேசிய’ போய் ‘சர்வதேச’ வந்தது. அதுதான் இன்றைய இஃப்மா.

பல்கலைக்கழகங்களில் இதை முன்னெடுத்தவற்றுள் ஒன்று கார்னெல். அங்கே ஃபிராங்க்ளின் பெக்கரும் வில்லியம் சிம்ஸும் பாடம் நடத்திய துறை, மனிதச் சூழலியல் கல்லூரியைச் சேர்ந்தது. 1969 வரை அந்தக் கல்லூரிக்கு மனையியல் கல்லூரி என்று பெயர்! வீட்டு நிர்வாகம் கற்றுக்கொடுத்த இடத்தில் அலுவலக நிர்வாகம் வேர்பிடித்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்தப் பயிற்சி குழாய் மாட்டவோ ஒயர் இழுக்கவோ கற்றுத்தரவில்லை; அதற்கு ஐ.டி.ஐ. போன்ற இடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இது கற்றுத்தந்தது கணக்குப் பிரிவிடம் பேசும் பேச்சை. ‘ஏ.சி.யின் சில்லர் பழசாகிவிட்டது, புதிது வேண்டும்’ என்றால் கோப்பு நகராது. இப்போதைய சில்லர் ஆண்டுக்குக் குடிக்கும் மின்சாரம் இவ்வளவு, பழுதுச் செலவு இவ்வளவு, புதியதன் ஆயுட்காலம் முழுவதற்குமான மொத்தச் செலவு இவ்வளவு, போட்ட பணம் இத்தனை ஆண்டில் திரும்பும் என்று எழுதினால் நகரும். 1992இல் இஃப்மா கொண்டுவந்த சி.எஃப்.எம். சான்றிதழ்த் தேர்வு, இயந்திரப் பராமரிப்போடு நிதி, சொத்து, திட்டமிடல், மனித உறவு எல்லாவற்றையும் சோதித்தது. ஒரு முறை தேறினால் ஆயுசுக்கும் செல்லும் என்பதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும்.

பாய்லர் அறையிலிருந்து மேல்மாடிக்கு இந்தப் படிப்பு ஒரு படிக்கட்டு போட்டது உண்மை. ஆனால் அதில் ஏறியவர்களில் பலர் பாய்லர் அறையைப் பார்க்காதவர்கள் என்பது என் அபிப்பிராயம். சுத்தம் செய்பவரும் டெக்னீஷியனும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாகிப் பாடப்புத்தகத்தில் ஒரு செலவு வரியாக மாறிப்போனார்கள். 1993இல் தனக்கென்று சங்கம் கண்ட பிரிட்டன், ஆரம்பநிலைப் பணியாளரிடமிருந்து தொடங்கி அடுக்கடுக்காக ஏறும் தகுதிகளை வகுத்துக்கொண்டது. அந்த வகையில் அவர்களுடைய ஏணி தரையைத் தொடுகிறது.