ஹிப்போகேம்ப்

நெப்டியூனின் உட்புறத் துணைக்கோள்களில் மிகச் சிறியது. குறுக்களவு ஏறத்தாழ 35 கி.மீ. கோளின் மையத்திலிருந்து சுமார் 1,05,300 கி.மீ. தொலைவில், 23 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. 1989இல் நெப்டியூனைக் கடந்த வாயேஜர் 2 விண்கலத்துக்கு இது அகப்படவில்லை.

2013இல் வானியலாளர் மார்க் ஷோவால்ட்டர் இதைக் கண்டறிந்தது, 2004 முதல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து வைத்திருந்த படங்களில். விரைந்து நகரும் நிலவு நீண்ட ஒளிப்பதிவில் தீற்றலாகிவிடும். எனவே அதன் நகர்வைக் கணக்கிட்டுப் படங்களைத் திருத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். மங்கலான புள்ளி துலங்கியது. பொறுமைக்குக் கிடைத்த அருமையான கண்டுபிடிப்பு இது. 2019இல் கிரேக்கப் புராணக் கடற்குதிரையின் பெயர் சூட்டப்பட்டது.

வியப்பூட்டுவது இதன் இருப்பிடமே. சுமார் 420 கி.மீ. குறுக்களவுள்ள புரோட்டியஸ், வெறும் 12,000 கி.மீ. வெளியே சுற்றுகிறது. அவ்வளவு பெரிய நிலவின் அருகே இச்சிறு நிலவு எப்படி வந்தது? முன்பொரு வால்மீன் புரோட்டியஸை மோதியிருக்கலாம். அதில் அந்த நிலவின் ஃபாரோஸ் பெரும்பள்ளம் உருவாகி, சிதறிய துண்டுகள் திரண்டு ஹிப்போகேம்ப் பிறந்திருக்கலாம் என்பது ஷோவால்ட்டர் குழுவினரின் கருத்து. நெப்டியூனின் அலையீர்ப்பு விசையால் புரோட்டியஸ் மெல்ல மெல்ல வெளிநோக்கி விலகிவருகிறது. சிறு நிலவோ ஏறக்குறைய பிறந்த பாதையிலேயே தங்கிவிட்டது.